பேராயர் என்றால் ஆயர்களுக்கு மேலதிகாரியா?

கேள்வி இது: "சென்னையில் கத்தோலிக்கப் பேராயர் இருக்கிறார், சி.எஸ்.ஐ. பேராயரும் இருக்கிறார். இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயர் இருக்கிறார். எல்லாம் ஒரே பதவியா? மற்ற ஆயர்கள் இவர்கள் சொல்படி நடக்க வேண்டுமா? பேராயர் ஆனவர் அடுத்து கர்தினால் ஆகிவிடுவாரா?"

முதலில் ஒரு குழப்பத்தைத் தள்ளிவிடலாம். சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில் 'பேராயர்' என்று நாம் சொல்வது பிஷப்பைத்தான், அதாவது ஆயரை. அங்கே ஆர்ச்பிஷப் என்ற பதவியே கிடையாது. எல்லா மண்டலங்களுக்கும் தலைவராக ஒரு பிஷப்பை சினட் என்ற திருச்சபைப் பேரவை குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுக்கும். அவர் மாடரேட்டர், தமிழில் பிரதமப் பேராயர். காலம் முடிந்ததும் அந்தப் பொறுப்பு அவரிடமிருந்து போய்விடும். ஆகவே இந்தப் பதிலில் பேராயர் என்று வரும் இடமெல்லாம் ஆர்ச்பிஷப் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை. கத்தோலிக்கத்திலும் சரி, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கனிலும் சரி, பேராயர் மற்ற ஆயர்களுக்கு மேலதிகாரி அல்ல. ஒருகாலத்தில் அதற்கு மிக நெருக்கமாக இருந்தார். அந்த அதிகாரத்தைக் கத்தோலிக்கத்தில் ரோம் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் அரசர் எடுத்துக்கொண்டார், பிறகு சினட் ஒரு பங்கைப் பெற்றது. மீதி இருப்பது பெரிய மரியாதையும் சின்ன அதிகாரமும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவத்துக்கு மூன்றே படிகள்: திருத்தொண்டர், குரு, ஆயர். பேராயர் நான்காவது படி அல்ல. ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவரை, அதாவது புனிதச் சடங்கின்மூலம் அந்தப் பணியில் ஏற்றப்பட்டவரை, பேராயராக்க இன்னொரு திருநிலைப்பாடு நடப்பதில்லை. அந்தச் சடங்கு தரும் நிலை என்று பார்த்தால் கோட்டாறு ஆயருக்கும் மதுரைப் பேராயருக்கும் நூலளவும் வித்தியாசம் கிடையாது.

பின் எதற்கு இந்தப் பதவி? ரோமப் பேரரசு தன் நிலப்பரப்பை மாநிலங்களாகப் பிரித்து வைத்திருந்தது. திருச்சபை அந்தக் கோடுகளின்மேலேயே வளர்ந்தது. மாநிலத் தலைநகரில் இருந்த ஆயர் சுற்றியிருந்த ஊர்களின் ஆயர்களுக்கு மூத்தவர் ஆனார். அவர்தான் மெட்ரோபாலிட்டன். 325இல் கூடிய நைசீயா பொதுச்சங்கம், ஒரு மாநிலத்தில் புதிய ஆயரை நியமிக்கும்போது மெட்ரோபாலிட்டனின் ஒப்புதல் வேண்டும் என்று விதித்தது. யாரை ஆயராக்குவது என்பதில் அவர் சொல் இல்லாமல் காரியம் நடக்காது என்றால், அது சாதாரண அதிகாரம் அல்ல.

பின்னால் போப்பின் கை நீள நீள, மெட்ரோபாலிட்டனின் கை சுருங்கியது. இன்று கத்தோலிக்கரில் மிகப் பெரும்பாலோர் இருக்கும் லத்தீன் வழிபாட்டுமுறைத் திருச்சபையில் ஆயர்களைப் போப் நேரடியாக நியமிக்கிறார். மதுரையை எடுத்துக்கொள்வோம். அந்தத் திருச்சபை மாநிலத்தில் பேராயரின் சொந்த மறைமாவட்டமான மதுரை உயர்மறைமாவட்டத்தோடு திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி, பாளையங்கோட்டை, கோட்டாறு, குழித்துறை, சிவகங்கை, திண்டுக்கல் என்று ஏழு மறைமாவட்டங்கள் இருக்கின்றன. தூத்துக்குடியில் ஒரு பங்குத்தந்தையை இடம் மாற்ற மதுரைப் பேராயரால் முடியாது. அங்குள்ள பள்ளிக்கூட நிர்வாகத்திலோ, நிலத்திலோ, கணக்கிலோ அவர் தலையிட முடியாது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இதைப் பூசி மெழுகாமல் சொல்கிறது: குறிப்பிட்டுச் சொன்ன சில காரியங்களைத் தவிர, சார்ந்த மறைமாவட்டங்களில் பேராயருக்கு வேறு ஆளுகை அதிகாரம் எதுவும் கிடையாது.

அந்தச் சில காரியங்கள் எவை? விசுவாசமும் ஒழுங்கும் சரியாகக் காக்கப்படுகின்றனவா என்று கவனித்து, முறைகேடு இருந்தால் போப்புக்குத் தெரிவிக்க வேண்டும். ஓர் ஆயர் தன் மறைமாவட்டத்தை நேரில் பார்வையிடும் கடமையை விட்டுவிட்டால், ரோமின் அனுமதியோடு பேராயர் போய்ப் பார்வையிடலாம். ஆயரின் இடம் காலியாகி எட்டு நாளுக்குள் உள்ளூர் ஆலோசகர் குழு தற்காலிக நிர்வாகியைத் தேர்ந்தெடுக்காவிட்டால், பேராயர் ஒருவரை நியமிப்பார். அப்புறம் ஆயர் ஆகத் தகுந்த குருக்களின் பட்டியலை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த மாநிலத்து ஆயர்கள் எல்லோருமாகக் கலந்து தயாரிக்க வேண்டும். பேராயரின் கருத்துக்கு அங்கே தனி எடை உண்டு. ஆனால் கடைசி முடிவு அவருடையது அல்ல.

2019இல் இதில் கொஞ்சம் மாற்றம் வந்தது. பாலியல் குற்றங்களிலோ அவற்றை மூடிமறைத்ததிலோ ஓர் ஆயர்மீதே புகார் வந்தால் யார் விசாரிப்பது என்ற கேள்வி அதுவரை தொங்கிக்கொண்டிருந்தது. போப் பிரான்சிஸ் அந்தப் பொறுப்பை மெட்ரோபாலிட்டன் பேராயரிடம் கொடுத்தார். 2023இல் அது நிரந்தரச் சட்டமானது. இங்கேயும் ரோமின் அனுமதி பெற்றுத்தான் விசாரணை தொடங்கும். ஆனாலும் பல நூற்றாண்டுகளாக இறங்கிக்கொண்டே வந்த ஒரு பதவிக்குத் திரும்பக் கிடைத்த உருப்படியான வேலை என்று இதைத்தான் சொல்வேன்.

மெட்ரோபாலிட்டன் பேராயரை அடையாளம் காண ஒரு வழி, கழுத்தில் விழும் 'பாலியம்' என்ற வெள்ளைக் கம்பளிப் பட்டை. அதில் ஆறு கறுப்புச் சிலுவைகள் இருக்கும். புனித ஆக்னஸ் திருநாளான ஜனவரி 21 அன்று ஆட்டுக்குட்டிகளை ஆசீர்வதிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பட்டைக்கான கம்பளியை அதோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். ஜூன் 29, பேதுரு பவுல் திருநாளில் ரோமில் அது ஆசீர்வதிக்கப்படுகிறது. அதைப் பேராயர் தன் மாநிலத்துக்குள் மட்டுமே அணியலாம், எல்லை தாண்டினால் கழற்றிவிட வேண்டும். அழகான சடங்கு. ஆனால் அதன் உள்ளர்த்தம் அரசியல்தான்: உன் அதிகாரம் ரோமிலிருந்து வந்தது என்று கழுத்தில் கட்டிவிடுகிறார்கள்.

எல்லாப் பேராயருக்கும் பாலியம் கிடையாது. போப் பிற நாடுகளுக்கு அனுப்பும் திருப்பீடத் தூதர்கள் பெரும்பாலும் பேராயர் பட்டம் பெற்றவர்கள். இன்று மறைமாவட்டமாக இயங்காத ஏதோ ஒரு பழைய இடத்தின் பெயரில் அந்தப் பட்டம் இருக்கும். லக்சம்பர்க், ஸ்ட்ராஸ்பர்க் போன்றவை உயர்மறைமாவட்டங்கள்தான், ஆனால் அவற்றின்கீழ் எந்த மறைமாவட்டமும் இல்லை, நேரே ரோமுக்கு உட்பட்டவை. நேர் எதிரான நிலை கொழும்புவில். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு உட்பட இலங்கையின் மற்றப் பதினொரு மறைமாவட்டங்களும் கொழும்பு என்ற ஒரே பேராயத்தின்கீழ் வருகின்றன.

பேராயர் உண்மையிலேயே ஆட்டிப்படைத்த காலமும் நம் கரையோரத்திலேயே உண்டு. 1558இல் உயர்மறைமாவட்டமான கோவாவின் பேராயர், போர்த்துக்கீசிய அரசரின் ஆதரவோடு ஆசியா முழுவதும் தன் எல்லை என்று நினைத்தவர். 1599இல் பேராயர் மெனேசிஸ் கேரளத்தின் உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டி, அங்கிருந்த பழைய சமூகமான தோமா கிறிஸ்தவர்களின் சிரியன் வழிபாட்டையும் பழக்கங்களையும் லத்தீன் முறைக்கு இழுத்தார். அந்தக் கோபம் அடங்காமல் 1653இல் மட்டாஞ்சேரியில், போர்த்துக்கீசியத் திருச்சபைத் தலைமைக்கு அடங்க மாட்டோம் என்ற கூனன் குரிசு சத்தியமாக வெடித்தது. இன்று அதே மரபின் சீரோ மலபார் திருச்சபைக்கு 1992 முதல் 'மேஜர் ஆர்ச்பிஷப்' இருக்கிறார். அவரை அவர்களுடைய ஆயர்களின் சினட்டே தேர்ந்தெடுக்கிறது, போப் உறுதிசெய்கிறார். கத்தோலிக்கத்துக்குள்ளேயே அதிகாரம் மிச்சமிருக்கும் பேராயர் வேண்டுமென்றால் அவரைத்தான் காட்ட வேண்டும்.

இனி கேன்டர்பரி. இந்தக் கதை எனக்குப் பிடித்தது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

597இல் போப் முதலாம் கிரகோரி அனுப்பிய அகுஸ்தீன் என்ற துறவி தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் நாட்டில் வந்து இறங்கினார். போப் போட்ட திட்டப்படி லண்டனில் ஒரு பேராயர், யார்க்கில் ஒரு பேராயர். ஆனால் அகுஸ்தீனை ஆதரித்த அரசர் எதல்பர்ட்டின் தலைநகரம் கேன்டர்பரி. அவர் அங்கேயே தங்கிவிட்டார், பதவியும் அங்கேயே வேர் பிடித்தது. யார்க் 735இல் பேராயம் ஆனது. அன்றிலிருந்து யார் பெரியவர் என்ற சண்டை.

அது சாதாரணச் சண்டை இல்லை. கேன்டர்பரி தரப்பு பழைய போப்புகளின் பெயரில் போலிக் கடிதங்களையே தயாரித்தது. 1176இல் லண்டனில் போப்பின் தூதர் முன்னால் கூடிய கூட்டத்தில், தூதரின் வலப்பக்க இருக்கையில் கேன்டர்பரி பேராயர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். யார்க் பேராயர் ரோஜர் இடம் தராமல் அவர் மடியிலேயே போய் உட்கார்ந்தார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. கேன்டர்பரியின் ஆட்கள் அவரைக் கீழே தள்ளி அடித்தார்களாம். கடைசியில் 14ஆம் நூற்றாண்டில் ஒரு சமரசம்: யார்க் 'இங்கிலாந்தின் முதன்மை ஆயர்', கேன்டர்பரி 'இங்கிலாந்து முழுமைக்கும் முதன்மை ஆயர்'. இரண்டு பட்டங்களும் இன்றும் அப்படியே இருக்கின்றன.

இந்தச் சண்டைக்கும் தாமஸ் பெக்கெட் கொலைக்கும் தொடர்பு உண்டு. பெக்கெட் அரசர் இரண்டாம் ஹென்றியின் நண்பர், சான்சலர் என்ற உயர் அரசாங்கப் பதவியில் இருந்தவர். தன் ஆளைப் பேராயராக்கினால் திருச்சபை தன் பைக்குள் வந்துவிடும் என்று ஹென்றி கணக்குப் போட்டார். 1162 ஜூனில் பெக்கெட் ஒரு நாள் குருவானார், மறுநாள் பேராயரானார். ஆனதும் சான்சலர் பதவியை உதறினார். குற்றம் செய்த குருக்களை யார் தண்டிப்பது, அரச நீதிமன்றமா திருச்சபை நீதிமன்றமா என்பதில் இருவரும் மோதினார்கள். பெக்கெட் பிரான்சுக்குத் தப்பி ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தார். அந்த இடைவெளியில் 1170இல் ஹென்றி தன் மகனுக்கு முடிசூட்ட யார்க் பேராயரைக் கூப்பிட்டார். அதே ரோஜர்தான். முடிசூட்டுவது கேன்டர்பரியின் உரிமை. நாடு திரும்பிய பெக்கெட், அந்த முடிசூட்டில் பங்கெடுத்த ஆயர்கள்மீது விதித்த தண்டனைகளை நீக்க மறுத்தார். அரசரின் கோபத்தைக் கேட்ட நான்கு வீரர்கள் கிளம்பிப்போய் 1170 டிசம்பர் 29 அன்று பேராலயத்துக்குள்ளேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். மூன்றே ஆண்டில் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. 1174இல் ஹென்றி வெறுங்காலோடு அந்தக் கல்லறைக்கு நடந்துபோய்ச் சாட்டையடி வாங்கினார்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் இடைக்காலப் பேராயரின் பலம் முழுவதும் தெரியும். அவரிடம் படை இல்லை, ஆனால் ரோம் என்ற இன்னொரு தலைமை இருந்தது. அரசரால் முழுதாக விலைக்கு வாங்க முடியாத ஒரு பதவியாக அது இருந்ததற்குக் காரணம் அதுதான். (ஜெர்மனியில் இது வேறு திசையில் போனது. மைன்ஸ், கொலோன், ட்ரியர் பேராயர்கள் தாங்களே நாடாளும் பிரபுக்கள் ஆனார்கள், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரில் மூவர் இவர்கள். 1803இல் அந்த ஆட்சிகள் கலைக்கப்பட்டன.)

எட்டாம் ஹென்றி அந்த இன்னொரு தலைமையைத்தான் வெட்டினார். 1533இல் அவர் தேர்ந்த தாமஸ் கிரான்மருக்குப் போப்பே ஒப்புதல் தந்தார், பாலியமும் அனுப்பினார். அடுத்த சில வாரங்களில், போப் மறுத்திருந்த அரசரின் மணமுறிவைக் கிரான்மர் செல்லும் என்று தீர்ப்பளித்தார். 1534இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் அரசரே என்று சட்டம் வந்தது. 1538இல் பெக்கெட்டின் கல்லறையை இடித்துத் தள்ளினார்கள், பழைய கணக்கைத் தீர்ப்பது போல. கத்தோலிக்க அரசி மேரி வந்ததும் கிரான்மர் 1556இல் ஆக்ஸ்ஃபோர்டில் எரிக்கப்பட்டார். உயிருக்குப் பயந்து மறுதலிப்பில் கையெழுத்திட்ட வலக்கையை முதலில் தீயில் நீட்டினார். அவருக்குப் பின் வந்த ரெஜினால்டு போல்தான் கேன்டர்பரியின் கடைசிக் கத்தோலிக்கப் பேராயர். 1558 நவம்பர் 17 அன்று மேரி இறந்தார், அதே நாளில் போலும் இறந்தார். 1559 முதல் இன்று வரை வந்தவர்கள் எல்லோரும் ஆங்கிலிக்கன்.

ரோமோடு உறவு அறுந்தபோது, போப்பிடம் வாங்கவேண்டிய சில அனுமதிகளை இனி யார் கொடுப்பது? அதை நாடாளுமன்றம் கேன்டர்பரி பேராயரிடம் கொடுத்துவிட்டது. அதனால்தான் இன்றும் வழக்கமான ஆலயத்துக்கு வெளியே ஆங்கிலிக்கன் முறையில் திருமணம் செய்ய அவர் அலுவலகத்தின் சிறப்பு உரிமம் வேண்டும். இங்கிலாந்தின் நோட்டரிகளை நியமிப்பதும் அதே அலுவலகம்தான். வெளிநாட்டுப் பத்திரத்துக்கு லண்டன் நோட்டரியிடம் முத்திரை வாங்கிய தமிழர்கள் பலருக்கு அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு பேராயர் இருப்பது தெரிந்திருக்காது.

நியமனம் நடக்கும் விதமும் வேடிக்கைதான். ஒரு குழு பெயரைப் பரிந்துரைக்கும். பிரதமர் அதை அரசரிடம் கொடுப்பார். அரசர் கேன்டர்பரி பேராலயக் குழுவுக்கு "தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்" என்று அனுமதிக் கடிதம் அனுப்புவார், யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கடிதத்தையும் கூடவே வைப்பார். மறுக்கும் குழுவுக்குக் கடும் தண்டனை என்று எட்டாம் ஹென்றி எழுதிய சட்டம் நெடுங்காலம் இருந்தது.

சரி, இப்படி வந்தவருக்கு என்ன அதிகாரம்? இங்கிலாந்துத் திருச்சபையின் 42 மறைமாவட்டங்களில் 30 கேன்டர்பரி மாநிலத்தில், 12 யார்க் மாநிலத்தில். நாடாளுமன்ற மேலவையில் இரு பேராயர்களுக்கும் இடம் உண்டு. அரசருக்கு முடிசூட்டுவது கேன்டர்பரி. 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸுக்கு ஜஸ்டின் வெல்பி முடி வைத்ததை எல்லோரும் பார்த்தோம். ஆனால் கொள்கை முடிவுகள் ஆயர், குரு, பொதுநிலையினர் என்ற மூன்று அவைகள் கொண்ட சினட்டின் கையில் இருக்கின்றன. 2012 நவம்பரில் பெண்களை ஆயராக்கும் தீர்மானத்தை கேன்டர்பரி, யார்க் இரு பேராயர்களும் ஆதரித்தார்கள். பொதுநிலையினர் அவையில் ஆறு ஓட்டில் அது தோற்றது. பேராயர் ரோவன் வில்லியம்ஸ் வருத்தப்பட முடிந்ததே தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. 2014இல்தான் நிறைவேறியது.

இங்கிலாந்துக்கு வெளியே இன்னும் மெலிவு. ஆங்கிலிக்கன் கூட்டமைப்பில் 42 தன்னாட்சித் திருச்சபைகள் இருக்கின்றன. கேன்டர்பரி அவர்களில் முதல் மரியாதை பெறுபவர், அவ்வளவுதான். நம் கூட்டுக்குடும்பத்துப் பெரியப்பா மாதிரி: கல்யாணப் பத்திரிகையில் பெயர் முதலில் வரும், சொத்தில் கை வைக்க முடியாது. 1867இல் பேராயர் லாங்லி உலக ஆங்கிலிக்கன் ஆயர்களை முதன்முதலில் லண்டனில் தன் இல்லமான லாம்பெத் அரண்மனைக்கு அழைத்தபோது 76 பேர் வந்தார்கள். யார்க் பேராயர் வரவில்லை, பழைய வழக்கம் போல. ஓரினச் சேர்க்கையாளர் உறவுகளை ஆசீர்வதிப்பது போன்ற விஷயங்களில் ஆப்பிரிக்கப் பேராயர்கள் பலர் கேன்டர்பரியை முதல்வராகவே ஏற்க மறுக்கிறார்கள். 2023இல் ருவாண்டாவின் கிகாலியில் இவர்கள் பக்கம் கூடிய கூட்டம் அதை வெளிப்படையாகவே அறிவித்தது. பெருந்தொகை ஆங்கிலிக்கன் மக்கள் இப்போது நைஜீரியா, உகாண்டா பக்கம்தான் இருக்கிறார்கள் என்பதால், இதை ஓரத்து முணுமுணுப்பு என்று ஒதுக்க முடியாது.

ஒரு விதிவிலக்கு இலங்கை. கொழும்பு, குருநாகல் என்று இரண்டு மறைமாவட்டங்கள் கொண்ட இலங்கை ஆங்கிலிக்கன் திருச்சபைக்குத் தனிப் பேராயர் இல்லை. அதன் மெட்ரோபாலிட்டன் கேன்டர்பரி பேராயரே. இந்தியாவில் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. பிறந்தபோது, ஆங்கிலிக்கரோடு மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் சபைகளும் சேர்ந்தன. ஆயர்களே இல்லாமல் நடந்து பழகிய சபைகள் ஆயரை ஏற்றுக்கொண்டதே பெரிய விட்டுக்கொடுப்பு. அதற்குமேல் ஒரு பேராயரை வைப்பது நடக்கிற காரியமாக இருந்திருக்காது. மாடரேட்டர் என்ற பெயர் பிரெஸ்பிட்டீரியன் வழக்கத்தில் உள்ளது.

ரோம் கேன்டர்பரியை எப்படிப் பார்க்கிறது? 1896இல் போப் பதின்மூன்றாம் லியோ ஆங்கிலிக்கன் திருநிலைப்பாடுகள் முற்றிலும் செல்லாது என்று அறிவித்தார். அது இன்றும் மாறவில்லை. சட்டப்படி ரோமின் கண்ணில் கேன்டர்பரி பேராயர் ஆயரே அல்ல. ஆனால் 1966இல் ரோமுக்கு வந்த பேராயர் மைக்கேல் ராம்சேயின் விரலில் போப் ஆறாம் பால் தன் ஆயர் மோதிரத்தைக் கழற்றிப் போட்டார். 1982இல் போப் இரண்டாம் ஜான் பாலும் பேராயர் ரன்சியும் கேன்டர்பரி பேராலயத்தில் சேர்ந்து முழந்தாளிட்டார்கள். ஏட்டில் ஒன்று, நடப்பில் இன்னொன்று. 2025 அக்டோபரில் லண்டன் ஆயர் சாரா முல்லாலி கேன்டர்பரிக்கு அறிவிக்கப்பட்டார். இங்கிலாந்து செவிலியர் துறையின் தலைமை அதிகாரியாக இருந்தவர், இந்தப் பதவிக்கு வரும் முதல் பெண். பெண்களுக்குக் குருத்துவமே தராத ரோமோடு உறவு இதனால் சிக்கலாகும் என்பது வெளிப்படை.

கடைசிக் கேள்வி, கர்தினால். அது வேறு தடம். கர்தினால்கள் போப்பின் ஆலோசகர்கள், எண்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் புதிய போப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரிய நகரத்துப் பேராயருக்கு அந்தச் சிவப்புத் தொப்பி வரும் என்று எதிர்பார்ப்பது வழக்கமே தவிர உரிமை அல்ல. செஞ்சிப் பக்கம் கல்லேரியில் பிறந்த சைமன் லூர்துசாமி பெங்களூர்ப் பேராயராக இருந்தபோது கர்தினால் ஆகவில்லை. ரோமுக்குப் போய்ப் பல ஆண்டு வேலை பார்த்த பிறகு 1985இல் ஆனார். ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022இல் ஆனார். பேராயராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2024இல் கர்தினால் ஆன திமொத்தி ராட்கிளிஃப் என்ற டொமினிக்கன் துறவி, ஆயராகவே வேண்டாம் என்று விலக்குப் பெற்றுச் சாதாரணக் குருவாகவே கர்தினாலாக இருக்கிறார்.